வந்துட்டேன் என்ற சொல்

“ஹெல்மெட் போட்டிருந்தாரா?”

திருச்சியில் ஒரு பெரிய மருத்துவமனையில், அவசரப் பிரிவுக்கு வெளியே, ஒரு இளம் பெண் மருத்துவர் என்னிடம் முதலில் கேட்டது இதைத்தான். “போட்டிருந்தாருங்க” என்றேன். “வார் மாட்டியிருந்தாரா?” என்றார். “மாட்டியிருப்பாருங்க” என்றேன். அவர் எழுதிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

முதல் பதில் உண்மை. இரண்டாவது பொய். என் கணவர் செல்வராசு வார் மாட்டமாட்டார் என்பது எனக்குத் தெரியும். ஏன் மாட்டமாட்டார் என்பதும் தெரியும். போனை ஹெல்மெட்டுக்குள், காதுக்கும் பஞ்சுக்கும் நடுவில் செருகிக்கொண்டால் கன்னம் இறுகிவிடும். அதற்கு மேல் வாரையும் மாட்டினால் வாயைத் திறந்து பேச முடியாது. எங்கள் பக்கத்தில் பாதி வண்டிகள் இப்படித்தான் போகின்றன. தலையில் கவசம் இருக்கிறது, இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருக்கிறது, பேச்சும் நடக்கிறது. எங்களை நாங்களே கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

தலைக்காயம் பட்ட ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. குன்றாண்டார்கோவில் போகும் சாலையில் உள்ள ஒரு ஊரில், வீட்டின் முன்னறையிலேயே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார் நகலும் சாதிச் சான்றிதழ் விண்ணப்பமும்தான் என் படிப்பு. ஆனால் ஒரு வருடம் ஒரு மனிதரின் பக்கத்திலேயே இருந்து சிலவற்றைக் கற்றுக்கொண்டேன். அவற்றோடு சேர்த்து, நான் செய்ததையும் சொல்லியாக வேண்டும்.

செல்வராசு திருச்சிக்கு வெளியே ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தார். காலையில் வண்டியில் கீரனூர் போய், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் வண்டியைப் போட்டுவிட்டு, திருச்சிப் பேருந்தில் ஏறுவார். மாலையில் அதே வழியில் திரும்பி வருவார். கீரனூரிலிருந்து வீட்டுக்கு வண்டியில் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தில் ஒருமுறையாவது நான் கூப்பிட்டு “எங்க வாரீங்க?” என்று கேட்பேன். அவரும் “வந்துட்டேன்” என்பார். கல்யாணமான நாளிலிருந்து, கையில் போன் வந்த நாளிலிருந்து, இது நடந்துகொண்டிருந்தது.

எங்கள் ஊர்ப் பேச்சில் ‘வந்துட்டேன்’ என்றால் வந்துவிட்டேன் என்று பொருள் கிடையாது. கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி ஓடுகிறது, எங்கே இருக்கிறாய் என்று கேட்டால், வீட்டில் நின்று சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருப்பவர் ‘வந்துட்டேன்’ என்பார். கிளம்பாத பேருந்தில் உட்கார்ந்திருப்பவரும் அதையே சொல்வார். இரண்டு தடவை சேர்த்துச் சொன்னால் இன்னும் நேரமாகும் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கேட்கிறவருக்கும் இதெல்லாம் தெரியும். பிறகு எதற்குக் கேட்கிறோம் என்றால், அக்கறை என்று சொல்லிக்கொள்வோம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தை மாதம், பொங்கல் கழிந்த மூன்றாவது வாரம். அவர் திருச்சியிலிருந்து பேருந்தில் வரும்போதே ஒருமுறை கூப்பிட்டு, கீரனூரில் அரைக்கிலோ தக்காளி வாங்கி வரச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் எங்கள் தெருவுக்கே தள்ளுவண்டிக்காரர் வந்துவிட்டார். நானே வாங்கிவிட்டேன். சரி, தக்காளி வேண்டாம் என்று சொல்லிவிடுவோம் என்று மறுபடி கூப்பிட்டேன். அவர் வாங்கி வந்திருந்தால்தான் என்ன, இரண்டு நாள் சேர்த்துச் சட்னி அரைத்திருக்கலாம். அன்றைக்கு அது தோன்றவில்லை.

அவர் எடுத்தார். பஞ்சில் போன் உரசும் சத்தம், காற்றுச் சத்தம். “எங்க வாரீங்க?” என்றேன். “இந்தா, வந்துட்டேன்” என்றார். அடுத்து நான் தக்காளி என்று ஆரம்பிப்பதற்குள் ஒரு சத்தம் கேட்டது. அதை எழுத எனக்கு வரவில்லை. அதற்குப் பிறகு காற்றுச் சத்தம் நின்றுவிட்டது. நான் ஹலோ, ஹலோ என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண்ணின் குரல் தூரத்திலிருந்து கேட்டது. “யாருங்க அது? ஹெல்மெட்டுக்குள்ள பேசுறது யாரு?”

அவர் பெயர் சவரியம்மாள். பாலத்துக்குப் பக்கத்தில், சாலையில் ஒரு பாதியை அடைத்து நெல் காயப்போட்டிருந்தார். வண்டிகள் ஏறாமலிருக்க நெல்லைச் சுற்றிக் கல் வைத்திருந்தார். மாலையில் நெல்லைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தபோது செல்வராசின் முன்சக்கரம் அந்தக் கல்லில் ஏறிவிட்டது. ஹெல்மெட் கழன்று நெல்லின் மேல் உருண்டது. அதற்குள்ளிருந்து என் குரல் வந்துகொண்டிருந்தது.

அவர்தான் சாலையில் வந்தவர்களைப் பிடித்து 108-ஐக் கூப்பிட வைத்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை என் கணவரின் தலையைத் தன் மடியில் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியில் நான் போய்ச் சேர்ந்தபோது, கண்ணாடி உடைந்த போனை என் கையில் கொடுத்தார். ஹெல்மெட்டை எடுத்துக்கொள்ள இருவருக்கும் தோன்றவில்லை.

மருத்துவமனையில் எடுத்த ஸ்கேனில், தலையின் இடப்பக்கத்தில் சப்ட்யூரல் ஹெமட்டோமா (மூளையை மூடியிருக்கும் தடித்த உறைக்கு அடியில் இரத்தம் கட்டிக்கொள்வது) என்றார்கள். உடனே அறுவை செய்தார்கள். மூளை வீங்கியிருந்ததால் கிரேனியெக்டமி (வீக்கத்துக்கு இடம் கொடுக்க மண்டை ஓட்டில் ஒரு துண்டை எடுத்து வைப்பது) தேவைப்பட்டது.

எடுத்த எலும்பு எங்கே என்று கேட்டேன். அறுவை செய்த மருத்துவர் நிதானமானவர். “வயித்துல வச்சிருக்கோம்மா. தோலுக்கு அடியில. அவர் ஒடம்புக்குள்ளயே இருந்தா கெடாது. வீக்கமெல்லாம் வத்தினதும் எடுத்து மறுபடி தலையில பொருத்திடலாம்” என்றார். இதைப் படிக்கிற யாருக்காவது இப்படிச் சொல்லப்பட்டால் பயந்துவிட வேண்டாம். நடக்கிற விஷயம்தான்.

அறந்தாங்கியிலிருந்து என் நாத்தனார் ராசாத்தி வந்து சேர்ந்தார். என் கணவருக்கு அக்கா, எனக்கு மதினி. அவர் கணவர் வளைகுடாவில் இருக்கிறார். தம்பியைத் தூக்கி வளர்த்தவர் என்பதால் எங்கள் வீட்டில் அவர் வார்த்தைதான் கடைசி வார்த்தை. நடந்ததைக் கேட்டார். “பாலத்துக்கிட்ட கல்லுல ஏறிருச்சு மதினி. நெல்லுக்காரம்மா போன்ல சொன்னாங்க” என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. விழுந்த பிறகு தம்பியின் போனிலிருந்து அந்த அம்மாள்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார் என்று மதினி எடுத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

“ரோட்டை என்ன அவ களமா எழுதி வாங்கிருக்காளா? அவளை விடக்கூடாது கலா” என்றார்.

அந்தக் கல் மூன்று நாளாக அங்கேதான் இருந்தது. முதல் நாளே செல்வராசு என்னிடம் சொல்லியிருந்தார். “பாலத்துக்கிட்ட நெல்லுக் காயப்போட்டுருக்காங்க, அங்கிட்டுப் போனா ஓரமாப் போ.” மூன்று நாளும் காலையும் மாலையும் அதைச் சுற்றித்தான் வந்திருக்கிறார். நான்காம் நாளும் சுற்றி வந்திருப்பார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, பச்சையைத் தொட்டு, ஹெல்மெட்டுக்குள் செருக ஒரு கை வேண்டும். பார்வையும் கொஞ்சம் வேண்டும். அதை நான் வாங்கிக்கொண்டேன்.

என் போனில் இருந்த அழைப்புப் பட்டியலை மருத்துவமனைக் கழிவறையில் நின்று அழித்தேன். யாரும் கேட்கவில்லை, ஆனாலும் அழித்தேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் பதினெட்டு நாள். மூச்சுக்காக ட்ரக்கியாஸ்டமி (தொண்டையில் சிறு துளையிட்டுக் குழாய் வைப்பது) செய்திருந்தார்கள். காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம் உள்ளே விடுவார்கள். அந்த நேரத்தில் கண்ணைத் திறக்கச் சொல்லி அவரை உலுக்காதீர்கள். பெயரைச் சொல்லுங்கள், இன்று என்ன கிழமை என்று சொல்லுங்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது போதும் என்று செவிலியர் சொன்னார். நான் தினமும் கிழமையைச் சொன்னேன்.

நான்காம் வாரம் தொண்டைக் குழாயை எடுத்தார்கள். வலது கையும் காலும் அசையவில்லை. ஆனால் கண் எங்களைப் பின்தொடர்ந்தது. மதினி குனிந்து, “தம்பி, அக்கா வந்துருக்கேன், தெரியுதா?” என்றார். செல்வராசின் உதடுகள் கொஞ்ச நேரம் எதையோ தேடின. பிறகு தெளிவாக, ஊருக்குள் நுழைகிற குரலில் சொன்னார்.

“வந்துட்டேன்.”

மதினி அங்கேயே அழுதுவிட்டார். செவிலியர்கள் கூடிவிட்டார்கள். சாவின் வாசலுக்குப் போனவன் திரும்பி வந்துட்டேன் என்று தன் வாயாலேயே சொல்கிறான் என்று மதினி பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். அறந்தாங்கிக்கும் வளைகுடாவுக்கும் போன் போனது. என் மகள் யாழினி, பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவள், சந்தோஷத்தில் என்னைக் கட்டிக்கொண்டாள். நான் வெளியே வந்து தண்ணீர்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினேன். நிறைய நேரம் கழுவினேன்.

அவருக்கு அந்த ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. பசிக்கிறதா என்றால் வந்துட்டேன். வலிக்கிறதா என்றால் வந்துட்டேன். மகளைப் பார்த்தால் வந்துட்டேன். எதை எதையோ சொல்ல முயல்கிறார் என்பது முகத்தில் தெரியும். வாயைத் திறந்தால் அது மட்டும்தான் வரும். அது வந்ததும் அவரே இல்லை, இல்லை என்று தலையை ஆட்டுவார். இதற்குப் பெயர் அஃபேசியா (மூளைக் காயத்தால் மொழி தடைப்படுவது). அறிவு போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஆள் உள்ளே முழுதாக இருக்கிறார். கதவுதான் சிக்கிக்கொண்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் உறவினர்கள் வரிசையாக வந்தார்கள். வந்தவர்கள் எல்லாம் வாத்தியார் ஆகிவிட்டார்கள். “என்னைய யாருன்னு சொல்லு பாப்போம்” என்று ஒவ்வொருவரும் பரீட்சை வைத்தார்கள். அவர் வந்துட்டேன் என்றதும் உச்சுக் கொட்டிவிட்டுக் காப்பி குடித்தார்கள். ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு ஜெராக்ஸ் கடைக்காரி என்ற முறையில் ஒரு தாளில் பெரிய எழுத்தில் அடித்து வாசலில் ஒட்டினேன்: ‘இவரிடம் கேள்வி கேட்காதீர்கள். உங்கள் பெயரை நீங்களே சொல்லுங்கள்.’ இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். செல்வராசு முதன்முறையாகச் சிரித்தார்.

மண்டை எலும்பு இல்லாத இடத்தில் தோல் மட்டும்தான். தொட்டால் உள்ளே துடிப்பது தெரியும். அங்கே அடிபடக்கூடாது என்பதால், எழுந்து நடக்கிற நேரமெல்லாம் மெத்தை வைத்த ஒரு கவசத்தை அணிய வேண்டும் என்றார்கள். தினமும் காலையில் வீட்டுக்குள் நடக்க அவருக்கு நான் ஹெல்மெட் போட்டுவிடுவேன். தாடைக்குக் கீழே வாரை மாட்டுவேன். மாட்டும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். பதினெட்டு வருடம் அவர் வண்டியில் போகும்போது வாசலில் நின்று கையாட்டியவள், ஒருநாள்கூட அந்தச் சத்தத்துக்காக நின்றதில்லை.

பேச்சுப் பயிற்சிக்கு வாரம் இரண்டு நாள் புதுக்கோட்டைக்குப் போனோம். பயிற்சியாளர் நடுவயதுப் பெண். அதிகம் பேசமாட்டார். ஒரு முறை தட்டினால் இல்லை, இரண்டு முறை தட்டினால் ஆமாம் என்று அவருக்கு இடது கையால் பழக்கினார். பேச முடியாதவருக்கு முதலில் மறுக்கிற உரிமையைக் கொடுங்கள் என்றார். ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் கேட்க வேண்டும். கேட்டபிறகு பத்து வரை மனதுக்குள் எண்ண வேண்டும். அவருக்குப் பதிலாக நாம் வாக்கியத்தை முடித்துவிடக்கூடாது. இந்த மூன்றும்தான் பயிற்சியின் பெரும்பகுதி. செய்து பாருங்கள், பத்து வரை எண்ணுவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

இரண்டாவது வாரம் பயிற்சியாளர் மதினியையும் என்னையும் பார்த்துக் கேட்டார். “சிலருக்கு அடிபடும்போது வாயில இருந்த வார்த்தையே இப்படி ஒட்டிக்கும். விழும்போது யாருகிட்டயாச்சும் பேசிக்கிட்டிருந்தாரா?”

“தனியாத்தான் வந்தான்” என்றார் மதினி.

பயிற்சியாளர் என்னைப் பார்த்தார். “தெரியலைங்க” என்றேன். செல்வராசு இடது கையால் மேசையை ஒரு முறை தட்டினார். எதற்குத் தட்டினார் என்று யாரும் கேட்கவில்லை.

இதற்கிடையில் மதினி சும்மா இருக்கவில்லை. சவரியம்மாள் மேல் ஒரு புகார் எழுதி, என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி என்று வைத்திருந்தார். செல்வராசு தேறட்டும், யாழினி பரீட்சை முடியட்டும் என்று நான் நாள் கடத்தினேன். மருத்துவமனை அனுப்பியிருந்த விபத்துத் தகவலை வைத்து, சித்திரையில் போலீஸ் நிலையத்திலிருந்து இருதரப்பையும் வரச் சொன்னார்கள்.

சவரியம்மாள் எங்களுக்கு முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் சிலுவை போட்ட கறுப்புக் கயிறு. காலுக்கடியில் ஒரு யூரியா சாக்கு. என்னைப் பார்த்ததும் எழுந்து, “சார் எப்புடி இருக்காருங்க? கஞ்சி குடிக்கிறாரா?” என்றார். மதினி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

ஏட்டு அவரிடம் கேட்டார். “கல்லு வச்சது நீங்கதானா?”

“நாந்தாங்க. வச்சது நெசந்தான். இல்லேன்னு சொல்லமாட்டேன்.”

“விழுந்ததைப் பாத்தீங்களா?”

“குமிஞ்சு கூட்டிக்கிட்டிருந்தேங்க. சத்தம் கேட்டுத் திரும்புனேன், கெடந்தாரு.”

“அப்ப போன் ஏதும் பேசிக்கிட்டு வந்தாரா?”

சவரியம்மாள் என்னைப் பார்க்கவில்லை. சாக்கைக் காலால் கொஞ்சம் உள்ளே தள்ளினார். “அதை நான் பாக்கலைங்க” என்றார்.

அவர் பார்க்கவில்லைதான். கேட்டார். மூன்று மாதமாக அவர் மேல் பழி ஏறிக்கொண்டே போக, அவர் வாயைத் திறக்கவில்லை. நான் ஜெராக்ஸ் கடை நடத்துகிறவள். எத்தனையோ பேரின் விண்ணப்பத்தில் ‘மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை’ என்ற வரிக்குக் கீழே விரல் வைத்துக் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறேன். மதினி எழுதிய தாளிலும் அந்த வரி இருந்தது. ஏட்டு பேனாவை நீட்டினார். எனக்கு வெட்கமாக இருந்தது, அந்த வெட்கம்தான் பேச வைத்தது என்று நினைக்கிறேன்.

“போன்ல பேசிக்கிட்டிருந்தது நாந்தாங்க” என்றேன். “நான் கூப்புட்டேன், அவரு எடுத்தாரு. அந்தக் கல்லு அவருக்குத் தெரிஞ்ச கல்லு. மூணு நாளாத் தெரியும்.”

ஏட்டு பேனாவை மூடி வைத்தார். மதினி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சவரியம்மாள் சாக்கை அவிழ்த்து அந்த ஹெல்மெட்டை எடுத்து என்னிடம் கொடுத்தார். நன்றாகத் துடைத்து வைத்திருந்தார். “இதை ஒங்ககிட்டச் சேக்கணும்னுதான் இருந்தேன். வீட்டுக்கு வர மனசு வரலை” என்றார். “இனிமே ரோட்டுல போடமாட்டேங்க. தார்ப்பாய் வாங்கிட்டேன்.”

திரும்பும்போது பேருந்தில் மதினி வேறு இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்கு வந்து தம்பிக்குச் சோறு ஊட்டினார். நான்கு நாள் என்னோடு பேசவில்லை. அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. ஐந்தாம் நாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, என் பக்கம் பார்க்காமலே சொன்னார்.

“ஒன்னைய நான் என்னன்னு கேக்குறது. சாயங்காலம் அவன் வண்டியில வர்ற நேரம் பாத்துத்தான் நானும் தெனம் கூப்புடுவேன். அப்பத்தான் அவன் சும்மா இருப்பான்னு.” மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்தார். “அன்னைக்கு நீ கூப்புட்ட. அம்புட்டுத்தான்.”

மறுநாள் அறந்தாங்கிக்குக் கிளம்பிப் போனார். இப்போதும் கூப்பிடுவார். எடுத்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி, “ஒக்காந்துதான இருக்க?” என்பது.

மதினி போன அன்று மாலை செல்வராசிடமும் சொன்னேன். அந்த நாள் அவரிடம் இல்லை. பொங்கல் நினைவிருக்கிறது, பிறகு மருத்துவமனை மின்விசிறி நினைவிருக்கிறது. நடுவில் இருந்தது அழிந்துவிட்டது. இப்படி ஆகும், அதைத் திரும்பக் கொண்டுவர முயல வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எனவே அவருக்கு நடந்ததை நான்தான் சொல்லியாக வேண்டும். கல், நெல், ஹெல்மெட், என் குரல். எல்லாவற்றையும் சொன்னேன்.

“எ… எது…” என்று ஆரம்பித்தார். எதற்குக் கூப்பிட்டாய் என்று கேட்கிறார். நான் பத்து வரை எண்ணினேன். “சும்மாதாங்க” என்றேன். அரைக்கிலோ தக்காளி என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு மனிதரின் வலது கையையும் பேச்சையும் ஒரு தராசில் வைத்து, எதிர்த் தட்டில் அதை வைக்க எனக்குத் தைரியம் இல்லை.

“எம்மேல கோவமா?” என்று கேட்டேன்.

என் முழங்காலில் இடது கையால் தட்டினார். இரண்டு முறை.

எனக்கும் அவர் மேல் கோபம் இருந்தது. எடுக்காமல் விட்டிருக்கலாம், வண்டியை ஓரங்கட்டியிருக்கலாம், வாரை மாட்டியிருக்கலாம். அதையும் சொன்னேன். அதற்கும் இரண்டு முறை தட்டினார். அன்றைக்கு நாங்கள் இருவரும் ஒருவர் மேல் ஒருவர் கோபமாக, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டோம். மூன்று மாதத்தில் அன்றுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது. பார்த்துக்கொள்கிறவர்களே, நோயாளியிடம் கோபப்படக்கூடாது என்று உங்களுக்குச் சொல்வார்கள். நாம் கோபப்படவே கூடாத ஓர் ஆளாக அவரை ஆக்கிவிடாதீர்கள் என்று மட்டும் நான் சொல்வேன்.

ஆவணியில் கிரேனியோபிளாஸ்டி (எடுத்த எலும்பை மறுபடி பொருத்துவது) நடந்தது. வயிற்றிலிருந்து எடுத்துத் தலையில் வைத்தார்கள். இப்போது அவருக்கு வயிற்றில் ஒரு தழும்பு, தலையில் ஒரு தழும்பு. யோசிக்கும்போது முன்பு தலையைச் சொறிவார். இப்போது வயிற்றைத் தடவுகிறார். ஏழு மாதம் அங்கே இருந்த பழக்கமோ என்னவோ என்று யாழினி கேலி செய்வாள்.

சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. வந்தவை எல்லாம் அதனதன் இடத்துக்கு வரவில்லை. தண்ணீர் கேட்க நினைத்துச் சாவி என்பார். யாழினியை மதினி பெயரில் கூப்பிடுவார். ‘வந்துட்டேன்’ மட்டும் மெல்ல மெல்லக் குறைந்தது. பயிற்சியாளர் சொன்னபடி, அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் நாங்கள் பதில் பேசாமல் காத்திருந்தோம். கார்த்திகைக்குள் அது நின்றே போனது. அதற்காக ஒருநாள் எனக்கு ஏக்கமாகக்கூட இருந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வெல்டிங் வேலைக்கு இனிப் போக முடியாது. வலது கையில் பிடி இல்லை. என் கடையில் உட்கார்ந்து இடது கையால் தாள் அடுக்குகிறார். எங்கள் வீட்டில் சாலையில் இருப்பவரை யாரும் கூப்பிடுவதில்லை. யாழினி கல்லூரிக்குப் பேருந்தில் போகிறாள். அவளைக்கூட நான் கூப்பிடுவதில்லை. யாராவது என்னிடம் போனில் ‘வந்துட்டேன்’ என்றால், எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று கேட்டு, வண்டியில் என்றால் வைத்துவிடுகிறேன். மரியாதை தெரியாதவள் என்று பெயர் வாங்கியாகிவிட்டது.

போன வாரம், மறுபடி தை வந்துவிட்டது. சாயங்காலம் அவர் குச்சியை எடுத்துக்கொண்டு முக்குக் கடைக்குத் தனியாகப் போகிறேன் என்று சைகை காட்டினார். தனியாகப் போவது அதுதான் முதல் முறை. என்ன வாங்க என்று கையைத் திருப்பிக் கேட்டார். தக்காளி என்று என் வாயில் வந்துவிட்டது. அரைக்கிலோ என்றேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சட்டைப்பையில் போனைப் போட்டுக்கொண்டு போனார்.

நல்ல காலுக்குக் கடை ஐந்து நிமிடம். அவர் காலுக்குப் பதினைந்து. போய்வர அரைமணி. அரைமணி கடந்தது. நாற்பது நிமிடமும் கடந்தது. என் போன் கல்லாப்பெட்டி மேல் இருந்தது. எடுத்தேன், வைத்தேன். அவர் சாலையில் இருக்கிறார். இடது கையில் குச்சி. போன் அடித்தால் எடுக்கக் குச்சியை விடுவார்.

முன்பெல்லாம் இருபது நிமிடம் ஒருவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் என்னால் இருக்க முடியாது. அந்தத் தெரியாத நேரத்தைப் போனால் அடைத்து வைத்திருந்தேன். இப்போது அதை அப்படியே திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்து வரை எண்ணினேன். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன். எத்தனை பத்து என்று தெரியாது.

குச்சிச் சத்தம் கேட்டது. அவர் வாசலில் வந்து நின்று, குச்சியைச் சுவரில் சாய்த்து, மூச்சு வாங்கிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்.

“வந்துட்டேன்.”

இரண்டு காலும் எங்கள் வாசலில் இருந்தன. எனக்குத் தெரிந்து அந்தச் சொல்லை அவர் உள்ளபடியே சொன்னது அன்றைக்குத்தான்.

பையை வாங்கிப் பார்த்தேன். கத்திரிக்காய். மனதில் ஒன்று இருக்க வாய் வேறொன்றைச் சொல்லியிருக்கிறது, கடைக்காரரும் கொடுத்துவிட்டார். அவர் எட்டிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. வயிற்றைத் தடவிக்கொண்டு தேடினார். “தக்… தக்காளி” என்றார். கடையில் வராத சொல் இப்போது சரியாக வந்தது.

“தக்காளி வேணாங்க” என்றேன். “இதைச் சொல்லத்தான் அன்னைக்குக் கூப்புட்டேன். வேணாம்னு சொல்லத்தான்.”

வயிற்றைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது.

“வெளங்குதாங்க?” என்றேன்.

கையை எடுத்து என் தோளில் ஒரு முறை தட்டினார். நான் காத்திருந்தேன். இரண்டாவது தட்டு வர நேரமாயிற்று. வந்தது.